நாச்சியார் பார்க்க வைத்த ரேகை

சாலை, திருவனந்தபுரம்
13 மே 2021

பூதலிங்கம் அண்ணாச்சிக்கு,

ராஜையன் எழுதுவது. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். நான்கு மாதமாக எடுக்கவில்லை. அதனால் பால்காரர் அனூப்பிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். பிச்சம்மாள் மதினி வாசித்துச் சொல்லட்டும்.

உங்கள் அடுத்த தெரு நாச்சியாருக்கு நோய் கண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. வீட்டு மாடி அறையில் ஆக்சிஜன் மெஷினோடு கிடக்கிறாள். நேற்று என்னைப் போனில் கூப்பிட்டு உயில் எழுதச் சொன்னாள். வீடு திவ்யலட்சுமிக்கு. ஒன்பது வயதில் அவளிடம் வந்து இருபத்திரண்டு வருடமாகக் கூட இருக்கும் பெண். ஆனால் தத்துப் பத்திரம் கிடையாது. உயில் இல்லாமல் நாச்சியார் கண்ணை மூடினால் வீடு அவள் புருஷனுடைய அண்ணன் மகன் வன்னியராஜுக்குப் போகும். அவன் நாகர்கோவிலில் இருந்து தினமும் போன் செய்து "சித்திக்கு எப்படி இருக்கு" என்று கேட்கிறானாம். இத்தனை வருடம் கேட்காதவன்.

எழுதுவது என் வேலை, எழுதிவிட்டேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும். எதிர்வீட்டு ராமசுப்ரமணியன் சார், பாங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர், சம்மதித்துவிட்டார். இன்னொருவர் நீங்கள்தான் என்று நாச்சியார் பிடிவாதம். "பூதலிங்கம் அண்ணாச்சி நிக்காத பத்திரத்துல நான் விரல் வைக்க மாட்டேன்" என்கிறாள்.

யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாத காலம். ஆகையால் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நர்ஸ் பத்மப்ரியா காகிதத்தை மாடிக்குக் கொண்டுபோய் ரேகை வாங்குவாள். நாம் வீடியோ காலில் பார்ப்போம். காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் மூன்று நாள் போட்டு வைத்து, நாலாம் நாள் அவரவர் வீட்டில் இருந்தபடியே சாட்சி. உங்களுக்கு அனூப்பின் வண்டியில் வந்து சேரும்.

சம்மதமா என்று ஒரு வரி போதும்.

ராஜையன்


கரமனை
14 மே 2021
(பூதலிங்கம் சொல்லி, பிச்சம்மாள் எழுதியது)

ராஜையா,

ஒரு வரி கேட்டாய். முடியாது. அதுதான் அந்த வரி.

மற்றதை நீ கேட்காமலே சொல்லுகிறேன். ஜனவரி பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்றரை மணி. நம் பத்திர ஆபீசுக்கு ரேகை எடுக்கும் மெஷின் வந்த சந்தோஷத்தில், நெய்யாற்றின்கரையில் இருந்து பத்திரம் எழுத வந்த நாலு பேர் முன்னால் நீ என்ன சொன்னாய்? "இனி கைநாட்டை எடுக்க ஒரு கைநாட்டு வேண்டாம்." நாலு பேரும் சிரித்தார்கள். நீலச் சட்டைக்காரன் மற்றவர்களைவிட நீளமாகச் சிரித்தான். ஐம்பத்தெட்டு வருடம் உட்கார்ந்த ஸ்டூலில் இருந்து எழுந்து வந்துவிட்டேன். என் துண்டு அங்கே கிடக்கிறது. அதைக்கூடக் கொடுத்துவிட உனக்குத் தோன்றவில்லை.

பிச்சம்மாள் "இதெல்லாம் எதுக்கு, நாச்சியாரப் பத்திச் சொல்லுங்க" என்கிறாள். எழுது என்று சொன்னேன். எழுதுகிறாள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் பிடித்து வைத்த விரல் ஒன்றாவது கலைந்ததாக யாரும் சொன்னதில்லை. பதினாலு முறை கோர்ட்டுக் கூண்டில் ஏறியிருக்கிறேன். பதின்மூன்று முறை பத்திரம் நின்றது. காணாத ஒன்றைக் கண்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கையகலக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நாலு நாள் கழித்து என் வீட்டில் உட்கார்ந்து நான் விரல் வைத்தால் அதற்குப் பெயர் சாட்சி இல்லை.

நாச்சியாரிடம் நான் கேட்டதாகச் சொல்லு. கஞ்சி குடிக்கச் சொல்லு.

பூதலிங்கம்


சாலை
15 மே 2021

அண்ணாச்சி,

ஜனவரியில் நான் சொன்னது தப்பு. எழுத்திலேயே தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். துண்டு இத்துடன் வருகிறது, துவைத்துத்தான் அனுப்புகிறேன்.

ஆனால் இது கோபத்தைக் காட்டும் நேரமா? நாச்சியாரின் ஆக்சிஜன் அளவு இன்று காலை எண்பத்தெட்டு. டாக்டர் வீடியோவில் மருந்து எழுதுகிறார். கோர்ட்டே வீடியோவில் நடக்கிறது. உலகம் முழுக்கக் கையெழுத்து முறையை மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் ஸ்டாம்ப் பேடைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பதின்மூன்று நின்றது என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். மிச்சம் ஒன்று யாரால் விழுந்தது? அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், "பூதம் கூண்டில் ஏறி உளறிட்டான்" என்று. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

திங்கட்கிழமை முதல் டிரிபிள் லாக்டவுன். அதற்குப் பிறகு தெருவில் யாரும் தலைகாட்ட முடியாது. நீங்கள் வரவில்லை என்றால் நாச்சியாரைச் சமாதானப்படுத்தி வேறு ஆளை வைத்து முடிப்பேன்.

ராஜையன்


கரமனை
16 மே 2021

ராஜையா,

துண்டு வந்தது. உன் அப்பா போனவர். போனவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஐம்பத்தைந்து வருடம் வாயை மூடியிருந்தேன். நீயே திறந்துவிட்டாய்.

கொல்லம் ஆண்டு 1139, கும்பமாசம், இங்கிலீஷ் வருடம் 1964. ஊரெல்லாம் வைசூரி. ஆரியசாலையில் வெற்றிலைக்கடை மாடசாமி உடம்பெல்லாம் அம்மை போட்டுக் கிடந்தான். எடுத்து வளர்த்த மகள் செண்பகத்தின் பேருக்கு வீட்டை உயில் எழுத வேண்டும். உள்ளே போக யாருக்குத் தைரியம்? உன் அப்பா தெருவில் நின்று பத்திரத்தை வாசித்தார். மாடசாமி ஊர்ந்து ஜன்னலுக்கு வந்து, கம்பிக்கு உள்ளே இருந்து விரல் வைத்தான். நானும் இன்னொருவரும் வெளியே நின்று பார்த்தோம். அதுவரை சரி.

அதற்குப் பிறகு காகிதத்தைத் தொட எல்லோருக்கும் பயம். உன் அப்பா அதை ஒரு மூங்கில் கம்பில் இடுக்கி, பக்கத்து முடுக்குச் சந்துக்குக் கொண்டுபோய் வேப்பிலைப் புகை காட்டினார். அந்த முடுக்குக்குள் வைத்தே நாங்கள் சாட்சி வைத்தோம். மாடசாமி கிடந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் முடுக்கு தெரியாது.

மாடசாமி போய் இரண்டு வருடம் கழித்து அவன் தம்பி கேஸ் போட்டான். கூண்டில் ஏறும் முன் உன் அப்பா என் காதில் சொன்னது, "பூதம், அவன் பாக்கத்தான் வச்சேன்னு சொல்லிரு. ஒத்த வார்த்தைதான்." எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வக்கீல் கேட்டார், நீ விரல் வைத்ததை மாடசாமி பார்த்தானா என்று. "இல்லை, நாங்க முடுக்குல நின்னோம்" என்றேன். உயில் விழுந்தது. செண்பகம் சட்டி பானையோடு தெருவில் நின்றதை நான் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். உளறல் என்று உன் அப்பா சொன்னது இதைத்தான்.

ராஜையா, உயில் வைப்பவன் விரல் வைப்பதைச் சாட்சி பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாட்சி விரல் வைப்பதை உயில் வைப்பவனும் பார்க்க வேண்டும் என்பது அந்த அவசரத்தில் எவனுக்கும் நினைவு வராது. உன் அப்பாவுக்கே வரவில்லை. நாலாம் நாள் என் வீட்டில் நான் விரல் வைத்தால் நாச்சியார் அதை எங்கிருந்து பார்ப்பாள்? நாலாம் நாள் அவள் இருப்பாள் என்று உனக்கு யார் சொன்னது?

அவளுக்கும் போனில் காட்டலாம் என்பாய். அது செல்லுமா செல்லாதா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் அந்தப் பெண்ணின் வீட்டைத் தூக்கி வைக்க நான் ஆளில்லை.

முறையை மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்று, ஆனால் கண் மறையாமல் மாற்று. நாச்சியாரின் மாடி ஜன்னல் தெருவைப் பார்த்தது. அதன் கீழே, தெரு நடுவில், மேசையைப் போடு. நீ அவளுக்குக் கேட்கும்படி ஒரு எழுத்து விடாமல் உரக்க வாசி. காகிதம் கிணற்று வாளியில் கயிற்றோடு மேலே போகட்டும், வாளியிலேயே இறங்கட்டும். மேலே ஒரு மைப் பேடு, கீழே ஒரு மைப் பேடு. நர்ஸிடம் சொல்லு, விரலில் சானிடைசர் போட்டால் மை வழுக்கிவிடும், ரேகை நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். திவ்யலட்சுமி தெருக்கோடிக்குப் போய் நிற்க வேண்டும். அவள் மிரட்டி எழுதி வாங்கினாள் என்று நாளை ஒருவன் சொல்லக் கூடாது.

இதற்குச் சம்மதம் என்றால் ஒரு வரி போதும்.

பூதலிங்கம்


சாலை
17 மே 2021

அண்ணாச்சி,

சம்மதம்.

அப்பாவின் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். அந்தத் தீர்ப்பின் நகல் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் அவர் கையெழுத்தில், "ஜன்னலில் இருந்து முடுக்கு தெரியாது" என்று எழுதியிருக்கிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது அண்ணாச்சி. தெரிந்தேதான் உங்கள் மேல் போட்டிருக்கிறார்.

நாளை காலை எட்டு மணி. என்ன காரணத்துக்கு வெளியே வருகிறேன் என்று போலீஸுக்குக் காட்ட சத்தியவாங்மூலம் எழுதி வைத்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் பால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வரப்போகிறேன்.

வீடியோ எடுத்து வைக்கலாமா என்று நாச்சியாரிடம் கேட்டேன். மூக்கில் குழாயோடு இருக்கும் முகத்தை ஒருத்தரும் பார்க்க வேண்டாம் என்றுவிட்டாள். ஆகையால் உங்கள் கண்தான்.

ராஜையன்


சாலை
24 மே 2021

அண்ணாச்சி,

நாச்சியார் போய்விட்டாள். சனிக்கிழமை விடியற்காலையில். சாந்திகவாடத்தில் எரித்தார்கள், திவ்யலட்சுமியை மட்டும் தூரத்தில் நிற்க விட்டார்களாம்.

வன்னியராஜ் நேற்று எனக்குப் போன் செய்தான். "நோயில கெடந்தவகிட்ட வாளியில காகிதத்த அனுப்பி எழுதி வாங்கினீங்களாமே, கோர்ட்டுல பாக்கலாம்" என்றான். பார்க்கலாம் என்றேன். உயில் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

அன்றைக்குத் தெருவில் நீங்கள் மாஸ்கைக் கழற்றியபோது நான் கத்திவிட்டேன். ஏன் கழற்றினீர்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

ராஜையன்


கரமனை
1 டிசம்பர் 2023

ராஜையா,

முறிந்த இடுப்பெலும்பு இப்போது எப்படி இருக்கிறது? பெங்களூரில் மகன் சுமந்த் வீட்டில் சும்மா படுத்திருக்க உனக்குப் பிடிக்காது என்று தெரியும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ இரண்டு சொல்லுவாய். அதனால் பிச்சம்மாளை உட்கார வைத்துவிட்டேன்.

தீர்ப்பு நேற்று வந்தது. என்ன என்று முதலில் சொல்ல மாட்டேன். கடைசி வரியைத் தேடாதே. வரிசையாக வாசி.

அக்டோபர் பன்னிரண்டு, வியாழக்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ராமசுப்ரமணியன் சார் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுதிய நீ அங்கே கட்டிலில். சாட்சி என்று மிச்சம் இருந்தது நான் ஒருத்தன். நான் சறுக்கினால் திவ்யா தெருவில். அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

வன்னியராஜின் வக்கீல் சின்ன வயது. நல்ல குரல். மலையாளத்தில் கேட்டான், மலையாளத்தில் சொன்னேன். உனக்குத் தமிழில் சொல்லுகிறேன்.

"அம்மாவன், உங்களுக்கு எழுத்து தெரியுமோ?"

"தெரியாது."

"வாசிக்க?"

"அதுவும் தெரியாது."

"அப்போ நீங்க விரல் வச்சது உயிலா, பலசரக்குக் கடைச் சீட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோர்ட்டில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை ராஜையா. சத்தியமாக வரவில்லை. அறுபது வருடமாக எவனாவது இதைக் கேட்க மாட்டானா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது.

"வாசிச்சுக் கேட்டேன். எனக்கு ஒரு தடவை கேட்டது மறக்காது. சொல்லட்டுமா?" என்றேன்.

ஜட்ஜ் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உயிலைக் கையில் எடுத்தார். "சொல்லுங்க" என்றார்.

தொடங்கினேன். தேதி, நாச்சியாரின் பெயர், புருஷன் பெயர், வயது. "என் சுய புத்தியோடும் முழு மனசோடும், எவருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல்." நீ எந்த இடத்தில் மூச்சு வாங்கினாயோ அந்த இடத்தில் நானும் வாங்கினேன். கிழக்கே பொது வழி, தெற்கே ராஜஸ்ரீ வக மனை, மேற்கே வாய்க்கால், வடக்கே இடைவழி. ஜட்ஜ் அம்மாவின் விரல் வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. "மேற்படி வீடும் கிணறும்" வரை வந்து நிறுத்தினேன்.

"மறந்துட்டீங்களா?" என்றான் வக்கீல்.

"இல்ல. இந்த இடத்துல நாச்சியார் நிறுத்தினா" என்றேன்.

நடந்ததை அப்படியே சொன்னேன். நீ வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. நாச்சியாருக்குக் கத்த மூச்சு இல்லை. அவள் முணுமுணுத்ததை நர்ஸ் கீழே சொன்னாள், "பின்னால இருக்கிற பலகாரப் புரை எங்கேன்னு கேக்கறாங்க. முறுக்கு போடுற கொட்டகை. அது எழுதலைன்னா விரல் வைக்க மாட்டாங்களாம்." திவ்யா பிழைப்பதே அந்தப் புரையில்தான். நீயும் விட்டிருந்தாய், நானும் கவனிக்கவில்லை. சாகக் கிடந்தவள் கவனித்தாள். ஓரத்தில் எழுதப் போனாய். உன் பேனா எழுதவில்லை. உதறினாய், ஊதினாய். ராமசுப்ரமணியன் சார் சட்டைப் பையில் இருந்து தன் பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார். பாங்கில் ஆபீசராக இருந்தவர், பச்சை மை. அந்தப் பச்சையில் நீ எழுதி, வாசித்து, வாளியில் அனுப்பினாய். அவள் அந்த ஓரத்திலும் விரல் வைத்தாள், கீழேயும் வைத்தாள். இறங்கிய பிறகு நாங்களும் இரண்டு இடத்திலும் வைத்தோம்.

சொல்லி முடித்ததும் ஜட்ஜ் அம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வக்கீலின் கையில் இருந்த குறிப்பில் என்ன இருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அவன் முகத்தை வாசிக்கத் தெரியும். அந்தப் பச்சை எழுத்து பின்னால் சேர்த்த கள்ள எழுத்து என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான்.

"மையைப் பற்றி ஏதாவது கேக்கணுமா, வக்கீல்?" என்றார் ஜட்ஜ் அம்மா.

"இல்லை, மேடம்."

விடுவானா? கடைசியாக ஒன்று கேட்டான். "நீங்க தெருவுல. அவங்க மாடியில, சாகப்போற நிலையில. நீங்க விரல் வச்சதை அவங்க பார்த்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

இதுதான் ராஜையா. இருபத்தொரு வயதில் கேட்ட அதே கேள்வி.

"மேசை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோம். யார் யாருன்னு அவளுக்குத் தெரியணும். அதனால நான் மாஸ்கைக் கழத்தி மேல பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. போலீஸ்காரர் ஒருத்தர் 'எந்தா இவிடெ ஆள்கூட்டம்'னு வந்தாரு. விஷயத்தைச் சொன்னதும், கொஞ்ச நேரம் அவரே தெருவுல நின்னு ஒரு ஸ்கூட்டரை மறிச்சாரு. எங்களுக்கு நடுவுல ஒண்ணும் வரலை. நான் விரலை வச்சேன். எடுத்து, மை பட்ட விரலை அவளுக்குத் தூக்கிக் காட்டினேன். அவ கரண்டியால ஒரு தட்டு தட்டினா. சரின்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டுன்னு அதுக்கு முன்னாலயே பேசி வச்சிருந்தோம்."

"ஒரு தட்டுத்தானா? உறுதியா?"

"மோனே, ரெண்டு தட்டியிருந்தா அவ பாக்கலைன்னு நானே இங்க வந்து சொல்லியிருப்பேன். முன்னால ஒரு தடவை சொல்லியிருக்கேன். அந்தக் கேஸ்ல தோத்தோம்."

ஜட்ஜ் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அது எந்த வருடத்துக் கேஸ் என்று கேட்டார். சொன்னேன். நம்பரையும் சொன்னேன்.

நேற்றுத் தீர்ப்பு. உயில் முறைப்படி வைக்கப்பட்டது, செல்லும் என்று வாசித்தார்கள். அதில் என்னைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது. நகல் வந்ததும் பிச்சம்மாள் அப்படியே எழுதி அனுப்புவாள். என்னவென்றால், எழுத்தறியாத இந்தச் சாட்சியின் நினைவு, எழுதிய பத்திரத்தோடு ஓர் இடத்திலும் முரண்படவில்லை என்று. ஒரு தடவைதான் வாசித்தார்கள். எனக்குப் போதும்.

வெளியே படியில் திவ்யா வந்து நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத முகம். வன்னியராஜ் எங்களைத் தாண்டிப் போனான்.

"மாமா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

"யார் வீட்டுக்கு?" என்றேன்.

"பெரியம்மா வீட்டுக்குத்தான்."

"யார் வீட்டுக்கு?"

கையில் முறுக்கியிருந்த சேலைத் தலைப்பை விட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என் வீட்டுக்கு" என்றாள்.

போய்க் குடித்துவிட்டு வந்தேன்.

பூதலிங்கம்